9 அழுத்தி வெளியே அழைத்தால் ஏன் போகவில்லை?

அலுவலகத்தின் உள் தொலைபேசி இணைப்பகமான பிபிஎக்ஸில் (PBX) உள் எண்கள் எல்லாம் சரியாக வேலை செய்கின்றன, 9 போட்டு வெளி எண்ணை அழைத்தால் மட்டும் 'தவறான எண்' என்று வருகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் அந்த 9 வெட்டப்படாமல் அப்படியே சேவை நிறுவனத்துக்குப் போய்விடுகிறது. 9 என்பது உங்கள் பிபிஎக்ஸுக்கு மட்டும் புரிகிற அடையாளம், வெளியே அதற்கு எந்த அர்த்தமும் இல்லை. அதனால் வெளியழைப்பு விதியில் 9-ஐ முன்னொட்டு (prefix) என்ற கட்டத்தில் போடுங்கள், அப்போதுதான் அது வெட்டப்படும்; எண் வடிவத்துக்குள் (pattern) சேர்த்து எழுதாதீர்கள்.

ஆஸ்டெரிஸ்க் (Asterisk) என்ற பிபிஎக்ஸ் மென்பொருள் வகை அமைப்புகளில் எண் வடிவத்தை எழுதும்போது எக்ஸ் (X) என்றால் 0 முதல் 9 வரை, இசட் (Z) என்றால் 1 முதல் 9 வரை, என் (N) என்றால் 2 முதல் 9 வரை, புள்ளி வைத்தால் அதற்கப்புறம் எத்தனை இலக்கம் வந்தாலும் ஏற்கும். புள்ளி வசதிதான், ஆனால் ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. யாராவது ஒரு நீட்டிப்பின் (உள் இணைப்பின்) கடவுச்சொல்லைத் திருடிவிட்டால் இரவோடு இரவாக வெளிநாட்டு அழைப்புகள் போய் பில் எகிறும். வெளிநாட்டு அழைப்புக்குத் தனி விதி வைத்து, ரகசிய பின் (PIN) எண் கேட்கும்படி செய்துவிடுங்கள், தேவையே இல்லையென்றால் மூடிவிடுங்கள்.

அப்புறம் வரிசை. ஆஸ்டெரிஸ்க்கை நிர்வகிக்க உதவும் ஃப்ரீபிபிஎக்ஸில் (FreePBX) விதிகளை மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும், ஆகவே அவசர எண் விதி எல்லாவற்றுக்கும் மேலே இருக்கட்டும். அது 9 போட்டாலும் போடாவிட்டாலும் வேலை செய்ய வேண்டும், பதற்றத்தில் இருப்பவருக்கு 9 ஞாபகம் வராது.

இவ்வளவு செய்தும் போகவில்லையென்றால் அழைப்புப் பதிவில் கடைசியாக அனுப்பப்பட்ட எண்ணைப் பாருங்கள், சில நிறுவனங்கள் நாட்டுக் குறியீட்டோடுதான் எண்ணை ஏற்கும்.