மூட்டு வலிக்கு மின்காந்தத் துடிப்பு சிகிச்சை பலன் தருமா?

அம்மாவின் முழங்கால் தேய்மான வலிக்கு, மின்காந்தத் துடிப்பு தரும் 'பி.இ.எம்.எஃப்.' பாய் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டு வாங்காதீர்கள்.

இதன் அடிப்படை எளிமையானது. கம்பிச்சுருளில் மின்சாரத்தை விட்டுவிட்டுச் செலுத்தினால் காந்தப்புலம் எழுந்து எழுந்து அடங்கும். அந்த மாற்றம் அருகிலுள்ள திசுவில் மிக மெல்லிய மின்னோட்டத்தைத் தூண்டும். 1831இல் ஃபாரடே கண்டறிந்த அதே தூண்டல்தான்! எலும்பை அழுத்தினால் அதில் மின்னழுத்தம் பிறக்கிறது என்று 1957இல் ஜப்பானின் ஃபுகாடாவும் யசுடாவும் காட்டினார்கள். அப்படியானால் வெளியிலிருந்து மின்தூண்டல் கொடுத்து எலும்பை வளர்க்க முடியுமா? கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ பாசெட் குழு இதை ஆராய்ந்தது. நெடுநாள் ஒன்றுசேராத எலும்பு முறிவுகளுக்கு இச்சிகிச்சையை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1979இல் அங்கீகரித்தது.

அந்த அங்கீகாரத்தைக் காட்டியே எல்லா வலிக்கும் பாய் விற்கிறார்களே, அதுதான் எனக்குக் கோபமூட்டுகிறது. முறிந்த எலும்பு வேறு, தேய்ந்த மூட்டு வேறு. முழங்கால் தேய்மானத்தில் வலி ஓரளவு குறைந்ததாகச் சில ஆய்வுகள் சொல்வது உண்மை. ஆனால் அவற்றில் பல சிறியவை. துடிப்பின் வேகம், வலிமை, நேரம் எல்லாம் ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன. தேய்ந்த குருத்தெலும்பு மீண்டும் வளர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தொடைத்தசைப் பயிற்சிக்கும், உடல் பருமன் இருந்தால் எடைக் குறைப்புக்கும் இதைவிட வலுவான ஆதாரம் இருக்கிறது. முதலில் பிசியோதெரபி நிபுணரிடம் அம்மாவை அழைத்துச் செல்லுங்கள். அம்மாவுக்கு பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தால் இந்தப் பாயை அருகில்கூடக் கொண்டுவராதீர்கள்.