பாக்கி எவ்வளவு என்று சொல்ல ஆளில்லை, ஆனால் கட்டினால்தான் ஓட்டு

போன இதழில் டிரம்ப் பற்றிய ஒரு கேள்விக்கு நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். நியூயார்க் கோர்ட்டில் 34 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று தீர்ப்பானவர் 2024 நவம்பரில் ஃப்ளோரிடாவில் எப்படி ஓட்டுப் போட்டார் என்பது கேள்வி. வெளி மாநிலத்தில் தீர்ப்பான வழக்கென்றால் அந்த மாநிலம் என்ன சொல்கிறதோ அதைத்தான் ஃப்ளோரிடா பார்க்கும், நியூயார்க்கில் சிறைக்குள் இல்லாதவருக்கு ஓட்டு உண்டு, அதனால் போட்டார் என்பது பதில். போகிற போக்கில் 'அதே ஃப்ளோரிடாவின் கோர்ட்டில் தண்டனையானவருக்கு கோர்ட் பாக்கி இருந்தால் ஓட்டுக் கிடையாது' என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரிக்குத்தான்.

திண்டுக்கல் வாசகர்: சிறைத்தண்டனையை முழுசாக அனுபவித்துவிட்டு வந்தவருக்கு, கோர்ட் ஃபீஸ் கட்டவில்லை என்று ஓட்டு இல்லையா? நம்பும்படி இல்லையே சார்!

நம்பித்தான் ஆக வேண்டும். ஃப்ளோரிடாவில் முன்பெல்லாம் ஃபெலனி எனப்படும் பெருங்குற்றத்தில் ஒருமுறை தண்டனை ஆகிவிட்டால் ஆயுசுக்கும் ஓட்டுக் கிடையாது. கவர்னரும் அவருடைய கேபினட்டும் உட்கார்ந்து, ஒவ்வொரு ஆளாகக் கூப்பிட்டு விசாரித்து, மனசு வந்தால் உரிமையைத் திருப்பிக் கொடுப்பார்கள். 2018 நவம்பரில் இதை மாற்றலாமா என்று மக்களிடமே கேட்டார்கள். 60 சதவீதம் ஆதரவு வேண்டும் என்பது விதி, கிடைத்தது ஏறக்குறைய 65. கொலை, பாலியல் குற்றங்கள் தவிர மற்றவற்றில் பரோல், புரொபேஷன் (சிறைக்கு வெளியே கண்காணிப்பில் இருக்கும் காலம்) உட்பட தண்டனையின் எல்லா நிபந்தனைகளையும் முடித்தவருக்கு ஓட்டுரிமை தானாகத் திரும்பும் என்று மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதியாயிற்று. சுமார் 14 லட்சம் பேருக்கு வழி திறந்தது என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். இந்த இயக்கத்தை முன்னால் நின்று நடத்திய டெஸ்மண்ட் மீட் என்பவரே சிறை சென்று வந்து, பிறகு சட்டம் படித்தவர்.

சரி, முடிந்ததா என்றால் இல்லை. 'எல்லா நிபந்தனைகளும்' என்று இருக்கிறதே, அதில் கோர்ட் போட்ட பணமும் அடக்கம் என்று 2019-இல் சட்டசபை ஒரு சட்டம் கொண்டுவந்தது, ஜூன் மாதம் கவர்னர் டிசாண்டிஸ் கையெழுத்துப் போட்டார். அபராதம், கோர்ட் செலவு, கட்டணங்கள், நஷ்ட ஈடு எல்லாம் பைசா பாக்கியில்லாமல் தீர்ந்தால்தான் ஓட்டு. தண்டனை முடிந்தும் பணம் பாக்கி என்பதால் வெளியே நிற்பவர்கள் சுமார் 7,74,000 பேர் என்று, இந்தச் சட்டத்தை எதிர்த்து நடந்த வழக்கில் சாட்சி சொன்ன ஒரு பேராசிரியர் கணக்கிட்டார். மக்கள் முன்கதவைத் திறந்தால் சட்டசபை உள்கதவுக்குப் பூட்டுப் போட்டது.

கோவை வாசகர்: அடுத்தவன் பணத்தைத் தின்றவன் அதைக் கட்டிவிட்டு ஓட்டுக் கேட்கட்டுமே? இதில் என்ன அநியாயம்?

உங்கள் கோபம் நஷ்ட ஈட்டைப் பற்றியது. ஏமாற்றப்பட்டவருக்குப் பணம் போய்ச் சேர வேண்டும் என்பதில் எனக்கும் மறுபேச்சு இல்லை. ஆனால் பாதிக்கப்பட்டவர் என்று யாருமே இல்லாத வழக்கிலும் பில் உண்டு, அதைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். பெருங்குற்ற வழக்கென்றால் கோர்ட் செலவு என்று 225 டாலர். வக்கீல் வைக்க வசதியில்லை, அரசே ஒருவரைத் தரட்டும் என்று மனு போடுவதற்கு 50. அந்த இலவச வக்கீலுக்காக, தண்டனையானதும் குறைந்தது 100. தன்னைத் தண்டிக்கச் சொல்லி எதிர்த்தரப்பில் வாதாடிய அரசு வக்கீலின் செலவுக்கு இன்னொரு 100. இதற்கு மேல் அந்தந்த கவுண்டி, அதாவது நம் மாவட்டம் மாதிரி, சேர்ப்பது தனி. போதைப்பொருள் கடத்தல் என்று பிரிவு போட்டுவிட்டால் குறைந்தபட்ச அபராதமே 25,000 டாலரில்தான் ஆரம்பம். இந்தப் பணத்தை வசூலிக்கிற கோர்ட் கிளார்க் அலுவலகங்கள் பெரும்பாலும் இந்தக் கட்டணங்களை வைத்தேதான் நடக்கின்றன, அதனால் மனசு இளகித் தள்ளுபடி செய்வதில் அங்கே யாருக்கும் லாபமில்லை. கட்டாமல் இழுத்தால் பாக்கி தனியார் வசூல் கம்பெனிக்குப் போகும், அது தன் கூலியாக 40 சதவீதம் வரை மேலே சேர்த்துக்கொள்ளலாம் என்று சட்டமே அனுமதிக்கிறது. டிரைவிங் லைசென்ஸும் முடங்கலாம். கார் ஓட்ட முடியாமல் அந்த ஊரில் எந்த வேலைக்குப் போய் எதைக் கட்டுவது?

இதைவிடப் பெரிய கூத்து, எவ்வளவு பாக்கி என்று அரசாங்கத்துக்கே உறுதியாகத் தெரியாது என்பது. ஓட்டுக்காகக் கட்ட வேண்டியது தீர்ப்பன்று தாளில் எழுதிய தொகை மட்டும்தான். பிறகு ஏறிய வட்டியும் வசூல் கூலியும் அதில் சேராது. ஆனால் கிளார்க் அலுவலகக் கணக்கில் இரண்டும் கலந்து கிடக்கும். இருபது வருஷத்துக்கு முந்தைய வழக்கென்றால் தீர்ப்புத் தாளைத் தேடுவதே தனி வேலை. பழைய கைதிகள் 153 பேரைக் குலுக்கல் முறையில் எடுத்து, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று ஒரு பேராசிரியரும் அவருடைய ஆராய்ச்சி மாணவர்களும் நெடுநாள் தேடினார்கள். கிடைத்த தகவல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போனது 3 பேருக்குத்தான், மீதி 150 பேருக்கும் ஓர் இடத்தில் ஒரு தொகை, இன்னோர் இடத்தில் வேறு தொகை! பாக்கி வைத்தவர் கட்ட வேண்டும் என்பது சரி சார், கணக்கை எழுதிக் கொடுக்க வேண்டியது கடன் கொடுத்தவன் பொறுப்பில்லையா? மளிகைக் கடைக்காரர்கூட நோட்டைக் காட்டித்தான் கேட்பார்.

தஞ்சாவூர் வாசகி: பணம் கட்டினால்தான் ஓட்டு என்பதை அமெரிக்க அரசியல் சட்டமே தடை செய்திருக்கிறது என்று படித்த ஞாபகம். கோர்ட் சும்மாவா இருந்தது?

ஞாபகம் சரிதான் அம்மா. தென் மாநிலங்களில் ஓட்டு வரி என்று ஒன்று வாங்கி, ஏழைகளை, முக்கியமாகக் கறுப்பினத்தவரை, வாசலிலேயே நிறுத்தினார்கள். 1964-இல் 24-ஆவது திருத்தம் மத்தியத் தேர்தல்களில் அதை ஒழித்தது, 1966-இல் வர்ஜீனியாவின் ஒன்றரை டாலர் வரி வழக்கில் சுப்ரீம் கோர்ட் மாநிலத் தேர்தல்களுக்கும் சேர்த்து முடித்துவைத்தது. ஃப்ளோரிடா விஷயத்திலும் 2020 மே மாதம் மத்திய கோர்ட் நீதிபதி ராபர்ட் ஹிங்கிள், இது காசு கொடுத்தால் ஓட்டு என்கிற ஏற்பாடு, கட்ட வழியில்லாதவரையும் கட்டணப் பாக்கிக்காரரையும் தடுக்கக் கூடாது என்று தீர்ப்பெழுதினார். மேல்முறையீட்டில் செப்டம்பரில் 6-க்கு 4 என்று அது கவிழ்ந்தது. இந்தக் கட்டணங்கள் வரியல்ல, தண்டனையின் ஒரு பகுதி என்பது பெரும்பான்மையினர் வாதம். குற்றவாளிக்கு ஓட்டை மறுக்கலாம் என்று 1974-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டதால், திருப்பிக் கொடுப்பதற்கு நிபந்தனை போடுவது சுலபமாகிவிட்டது. தண்டனையை வரி என்று யாரும் சொல்லவில்லைதான். ஆனால் அரசு வக்கீலின் செலவை என் தலையில் கட்டுவது எந்த வகையில் எனக்குத் தண்டனை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நெல்லை வாசகர்: நம் ஊரில் எப்படி?

இங்கே சிறைக்குள் இருக்கும் வரைதான் தடை, வெளியே வந்த அன்றே போடலாம். அபராதத்தை ஓட்டோடு முடிச்சுப் போடுவதில்லை, கட்டத் தவறினால் மேலும் மூன்று மாதம் சிறை என்று தீர்ப்பிலேயே கணக்கைத் தீர்த்துவிடுவார்கள். நம்மிடம் கோணல் வேறு இடத்தில். குற்றம் நிரூபணமாகாமல் ரிமாண்டில் கிடப்பவருக்கு ஓட்டு இல்லை, தண்டனையாகி ஜாமீனில் வந்தவருக்கு உண்டு. அந்த ரிமாண்ட் கைதி உள்ளே இருந்துகொண்டே வேட்பாளராக நிற்கவும் செய்யலாம்!

மதுரை வாசகர்: என் அண்ணன் மகன் ஆர்லாண்டோவில் இருக்கிறான். பழைய வழக்கு ஒன்று, புரொபேஷன் முடிந்துவிட்டது. பாக்கியை நான் கட்டினால் அவன் ஓட்டுப் போடலாமா?

யார் கட்டினாலும் செல்லும் ஐயா. 2020-இல் நியூயார்க்கின் முன்னாள் மேயரும் கோடீஸ்வரருமான ப்ளூம்பெர்க் 1.6 கோடி டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார், அதை வைத்துப் பலருடைய பாக்கியை அடைத்தார்கள், அதையும் விசாரியுங்கள் என்று மாநில அரசின் தலைமை வக்கீலான அட்டர்னி ஜெனரல் எஃப்.பி.ஐ-க்கு எழுதினார் என்பது வேறு கதை. ஆனால் அனுப்புவதற்கு முன், வழக்கு நடந்த கவுண்டியின் கிளார்க் அலுவலகத்தில் தீர்ப்புத் தாளின் நகலை வாங்கச் சொல்லுங்கள், வசூல் கம்பெனி சொல்லும் தொகையை நம்பிக் கட்ட வேண்டாம். கட்ட முடியாத தொகை என்றால் சமூக சேவையாக மாற்றித் தரும்படி நீதிபதியிடம் மனு போடவும் வழி இருக்கிறது.

வாக்காளர் கார்டு வீட்டுக்கு வந்துவிட்டது, அதனால் தகுதி உண்டு என்று மட்டும் உங்கள் அண்ணன் மகன் நினைக்க வேண்டாம். 2022 ஆகஸ்ட்டில் 20 பேரைக் கைது செய்ததாக டிசாண்டிஸ் அறிவித்தார். பணப் பாக்கிக்காக அல்ல, கொலை, பாலியல் குற்றம் என்று விலக்கப்பட்ட பிரிவில் இருந்துகொண்டு ஓட்டுப் போட்டார்கள் என்று. அவர்களில் பலருக்கு வாக்காளர் கார்டை அனுப்பியதே அரசாங்கம்தான். தகுதி உண்டு என்று தெரிந்தே பொய்யாக உறுதி கொடுத்தால் ஐந்து வருஷம் வரை சிறை. சந்தேகம் இருந்தால் மாநிலத் தேர்தல் பிரிவுக்கு எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு பதிவு செய்வது நல்லது. அப்புறம், அவர் வைத்திருப்பது குடியுரிமையா கிரீன் கார்டா என்று முதலில் கேளுங்கள். கிரீன் கார்டு என்றால் பாக்கியே இல்லாவிட்டாலும் ஓட்டுப் பக்கம் போகக் கூடாது, நாட்டைவிட்டே அனுப்பிவிடுவார்கள்.