எம்க்யூடிடி போன்ற பைனரி நெறிமுறைக்குப் பைத்தான் லைப்ரரி எழுத எங்கிருந்து தொடங்க வேண்டும்?

களக்காட்டுப் பக்கத்து வாழைத் தோட்டங்களில் கிணற்று மோட்டாரை மொபைலிலிருந்து இயக்கும் கருவிகளுக்காக நான் பராமரித்துவரும் லைப்ரரி எம்க்யூடிடிக்கானது (MQTT) என்பதால், அதை வைத்தே பதில் சொல்கிறேன். கருவிகள் ஒரு சர்வர் வழியே சிறு செய்திகளைப் பைட்டுகளாகப் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறை அது. மோட்டார் ஓடினால் போதும் என்றால் ஏற்கெனவே இருக்கும் பாஹோ (Paho) என்ற எம்க்யூடிடி லைப்ரரியைப் பயன்படுத்துங்கள். நெறிமுறையை உள்ளும் புறமும் அறிய விரும்பினால் மட்டுமே சொந்தமாக எழுதுவது தகும்.

1999-இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிப்பதற்காக ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் வடிவமைத்த நெறிமுறை இது. எனவே சிக்கனம் அதன் பிறவிக் குணம். 'இருக்கிறேன்' என்று சர்வருக்குச் சொல்லும் பிங் 192, 0 என்ற இரண்டே பைட்டுகள்தான்.

தொடங்க வேண்டிய இடம், பைட்டுகளைப் பிரித்தறியும் பகுதியை, நிரல் வலையோடு பேசும் வாயிலான சாக்கெட்டிலிருந்து அடியோடு விலக்கி எழுதுவது. எம்க்யூடிடிக்கு அடியில் ஓடும் டிசிபி (TCP) என்ற இணைய நெறிமுறை பைட்டுகளை வரிசை மாறாமல் தரும். ஒரு செய்தி எங்கே முடிகிறது என்று சொல்லாது. தாமிரபரணிக் கால்வாயில் வரும் தண்ணீரில் எது யார் வயலுக்கு என்று எழுதியிருப்பதில்லை, மடையில் நிற்பவர்தான் பிரித்துவிட வேண்டும். ஒருமுறை வாங்கும்போது பாதிச் செய்தியும் வரலாம், இரண்டரைச் செய்தியும் வரலாம். சர்வரும் நிரலும் ஒரே கணினியில் இருக்கும்வரை பெரும்பாலும் முழுதாகவே வருவதால், ஒருமுறை வாங்கினால் ஒரு செய்தி என்று நம்பி எழுதிய நிரலின் குறை கண்ணில் படாது. சிக்னல் வந்து வந்து போகும் மலையடிவாரத்தில் உடனே பட்டுவிடும்.

முதல் பைட்டின் மேல் நான்கு பிட் செய்தியின் வகை, கீழ் நான்கும் கொடிகள். அடுத்து, செய்தியில் இன்னும் எத்தனை பைட் வரும் என்று சொல்லும் எஞ்சிய நீளம்தான் பலரும் இடறும் இடம். ஒரு பைட்டுக்கு ஏழு பிட் வீதம் அது நான்கு பைட் வரை நீளலாம். எட்டாவது பிட் 1 என்றிருந்தால் அடுத்த பைட்டும் நீளத்தைச் சேர்ந்ததே. 300 என்பது 172, 2 என வரும்: 172-இல் 128-ஐக் கழித்த 44-உடன், 2-ஐ 128-ஆல் பெருக்கிய 256-ஐக் கூட்ட வேண்டும். 172 மட்டும் வந்து 2 தாமதமானால் அது பிழையன்று. வந்த பைட்டுகள் தங்கியிருக்கும் பஃபரை அப்படியே விட்டுவிட்டு, மேலும் பைட்டுகள் வரக் காத்திருக்க வேண்டும். நான்காவது பைட்டிலும் எட்டாவது பிட் 1 என்றிருந்தால்தான் பிழை. அப்போது இணைப்பைத் துண்டித்துவிடலாம்.

செய்திக்குள் வரும் சரங்களுக்கு, அதாவது எழுத்துத் தொடர்களுக்கு, முன்னால் நிற்கும் இரண்டு பைட் நீளம் எழுத்துகளின் எண்ணிக்கையன்று. 'நெல்லை' கண்ணுக்கு மூன்றெழுத்து, பைத்தானில் நீளம் எண்ணும் லென்னுக்கு (len) 6, எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 (UTF-8) முறையில் 18 பைட்; எழுத வேண்டியது 18. எண்களைப் பைட்டுகளாக்கும் பைத்தானின் ஸ்ட்ரக்டில் (struct), நெறிமுறையின் பைட் வரிசையைக் குறிக்கும் ஆச்சரியக்குறியை விட்டுவிட்டால் நம் கணினிகள் பைட் வரிசையைத் திருப்பிப் படிக்க, 60 வினாடி என்ற பிங் இடைவெளி 15360 வினாடியாகிவிடும்.

சோதனைக்கு சர்வரே வேண்டாம். சேமித்துவைத்த பைட்டுகளை ஒவ்வொன்றாகவும், பிறகு ஒரே கட்டாகவும் ஊட்டி, இரண்டிலும் ஒரே செய்திகள் கிடைக்கின்றனவா என்று பாருங்கள். பல வேலைகளைச் சேர்த்து நடத்த பைத்தான் தரும் இரு வழிகளில் ஆசிங்க்கியோவா (asyncio) த்ரெட்டா (thread) என்ற கேள்வியை அதன்பின் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் லைப்ரரியில் இரண்டுக்கும் தனித்தனி உறைகள் உள்ளன, உள்ளே இருக்கும் பிரிப்பான் ஒன்றுதான்.