பனி இருந்தவரை அமைதி, கரைந்தபின் நடுக்கம்: மாதிரியில் எங்கே பிழை?

கேள்வி: புவி இயற்பியல் முதுநிலை மாணவன் நான். பனியுக முடிவில் வட ஸ்வீடனில் பேர்வியே என்ற பாறைப் பிளவு அதிர்ந்ததைக் கணினி மாதிரியில் கொண்டுவர முயல்கிறேன். புவி மேலோட்டின்மீது 3 கி.மீ. தடிமனுள்ள பனியை ஏற்றி இறக்கியும் பிளவு அசையவில்லை. எதை விட்டுவிட்டேன்?

பதில்: உங்கள் மாதிரியில் மேலோடு இருக்கிறது, அதற்குக் கீழே உள்ள தடித்த பாறை அடுக்கான கவசம் இல்லை. கோளாறு அங்கேதான். ரப்பர்போல உடனே பழைய வடிவுக்குத் திரும்பும் வெறும் மீட்சிப் பொருளில், சுமையை எடுத்த கணமே தகைவு (உள்ளே நிலவும் அழுத்தமும் இழுப்பும்) முழுவதும் பழைய நிலைக்குப் போய்விடும். பிறகு பிளவு எதற்காக அசையும்?

3 கி.மீ. பனி சுமார் 27 மெகாபாஸ்கல் அழுத்தம் தரும். அது பிளவை மேலிருந்து அமுக்கிப் பிடிக்கிறது. பனி கிடந்தவரை அமைதி நிலவியது அதனால்தான். அதே சுமையில் மேலோடு கிண்ணம்போலக் குழிந்து, அதன் மேற்பகுதி பக்கவாட்டில் நெருக்குண்கிறது. கீழே கவசம், பாறையாகவே இருந்தும், ஆறிய வெல்லப்பாகைப்போல மெல்ல ஒதுங்கி இடம் விடுகிறது. பனி கரைந்ததும் மேலழுத்தம் போய்விடும். ஆனால் ஒதுங்கிய கவசம் திரும்பி வந்தால்தான் குழி மேடேறும். அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகும். அதுவரை பக்கவாட்டு நெருக்கம் மிச்சமிருக்கும். மேலே பிடி தளர்ந்து, பக்கத்தில் நெருக்கம் விடாத அந்த இடைக்காலத்தில்தான் பிளவு வழுக்குகிறது. பேர்வியே சுமார் 155 கி.மீ. நீளம், சில இடங்களில் தரை 10 மீட்டர் அளவுக்குப் படிபோல எழுந்து நிற்கிறது. அப்பகுதிப் பழங்குடியினரான சாமி மக்களின் மொழியில் அந்தப் பெயருக்குத் தரையில் எழுந்த அலை என்று பொருள் சொல்வார்கள். ஏறத்தாழ 8 அளவுள்ள நிலநடுக்கத்தின் தடம் அது.

எனவே கவசத்தைச் சேருங்கள். அதன் பாகுநிலைக்கு, அதாவது வழிய விடாமல் தடுக்கும் தன்மைக்கு, 10-இன் 21-ஆம் அடுக்கு பாஸ்கல்-நொடி என்று தொடங்கலாம். அபாகஸ் போன்ற பொது மென்பொருளில் செய்கிறீர்கள் என்றால் இன்னொரு பொறி உண்டு. அமிழ்ந்த தரையை மேலே தள்ளும் மிதப்பு விசையை அது தானாகக் கணக்கில் எடுக்காது. அடர்த்தி மாறும் ஒவ்வோர் எல்லையிலும், அடர்த்தி வேறுபாட்டை ஈர்ப்பு முடுக்கத்தால் பெருக்கிக் கிடைக்கும் விறைப்போடு சுருள்வில் தாங்கிகளை வையுங்கள். நானும் ஒருமுறை இதை மறந்து இரண்டு வாரம் வீணடித்திருக்கிறேன்.

அடுத்தது தொடக்கத் தகைவு. பலரும் அவசரத்தில் தாண்டிப் போவது இதைத்தான். பனி, பிளவைப் புதிதாக உடைப்பதில்லை. உடையும் தறுவாயில் இருப்பதைத் தூண்டிவிடுகிறது, அவ்வளவே. தட்டுகளின் தள்ளலால் கிடைமட்டத் தகைவு ஏற்கெனவே ஓங்கியிருக்கும் நிலையிலிருந்து ஓட்டுங்கள். நிலம் இழுபடும் பகுதி என்று வைத்துக்கொண்டால் விடையே வேறாகிவிடும்.

பிளவைத் தொடுமுன் ஒரு சோதனை. போத்னியா வளைகுடாவின் ஸ்வீடன் கரை, பனிச்சுமை நீங்கியதால், இன்றும் ஆண்டுக்குச் சுமார் 1 செ.மீ. உயர்கிறது. உங்கள் மாதிரி அங்கே 3 செ.மீ. காட்டினால், பாகுநிலையையும் பனி கரைந்த கால அட்டவணையையும் முதலில் சரிபாருங்கள்.