பர்மாவுல செத்த சிப்பாயோட சம்சாரம் வாங்குன பென்சன்: ஏஜெண்டுக்குப் பணம் கட்டறதுக்கு முன்னாடி

காங்கேயம் பக்கத்துல இருந்து ஒரு அம்மணி எழுதியிருக்காங்க. அவங்க அப்பத்தாவோட பாட்டி மாசாமாசம் வண்டி கட்டிட்டு தாராபுரம் கஜானாவுக்குப் போயி "பட்டாளத்துப் பென்சன்" வாங்கிட்டு வருவாங்களாம். அப்பத்தா 1920கள்ல பொறந்தவங்க, சின்னப் புள்ளையா கூடவே போயி முறுக்கு வாங்கித் தின்ன கதையெல்லாம் சொல்லியிருக்காங்க. பாட்டியோட வீட்டுக்காரரு பர்மாவுல செத்துட்டாருன்னு பேச்சு. அட்டாலில கெடந்த தகரப்பொட்டில ஒரு மெடலும் செல்லு அரிச்ச சீட்டு ஒண்ணும் இருக்குது, சீட்டுல "13"ங்கறது மட்டும் தெரியுது. இப்ப ஒரு ஏஜெண்ட் வந்து, லண்டன்ல அந்தம்மா பேர்ல பென்சன் ஃபைல் இருக்குது, 45,000 ரூவா குடுத்தா எடுத்துத் தர்றேன், ஃபைல் வந்துட்டா நின்னுபோன பென்சனை வட்டியோட வாரிசுக வாங்கிக்கலாம், மெடலை மட்டும் குடுங்க லண்டனுக்கு வெரிஃபிகேஷனுக்கு அனுப்போணும்ங்கறாராம். கட்டலாமா, இல்ல நாமளே தேட முடியுமான்னு கேக்கறாங்க.

கட்டாதீங்க அம்மணி. மெடலைக் கண்ணுல கூட காட்டாதீங்க. மீதியப் பொறவு படிச்சுக்கலாம், முதல்ல அந்தாளுக்கு ஃபோனைப் போட்டு வேண்டாமுங்கன்னு சொல்லிட்டு வாங்க.

ஏன்னா அவரு சொன்ன மூணுமே பொய்யி. பென்சன்ங்கறது அந்த ஆளோட உசுரு இருக்கற வரைக்கும்தான், அந்தம்மா போன அன்னிக்கே அதுவும் முடிஞ்சுது, பேரன் பேத்தி சேத்து வச்சு வாங்கறதுக்கு அது காடு தோட்டம் இல்லைங்க. 1871ல போட்ட பென்சன் சட்டம்னு ஒண்ணு இருக்குது, சர்க்கார் குடுத்த பென்சனைப் பத்தி சிவில் கோர்ட்டுல கேஸ் போடவே அதுல தடை இருக்குது, கலெக்டர்கிட்ட சர்ட்டிபிகேட் வாங்காம கோர்ட்டு கையில எடுக்காது. அதே சட்டத்துல, வரப்போற பென்சனை இன்னொருத்தருக்கு எழுதிக் குடுத்தா அந்த எழுத்தே செல்லாதுன்னும் இருக்குது. அதனால "வர்ற பணத்துல பாதி எனக்கு"ன்னு பத்திரத்துல கையெழுத்துக் கேட்டா சிரிச்சுட்டு அனுப்பிருங்க. வெத்து ஸ்டாம்ப் பேப்பர்ல கையெழுத்துக் கேட்டா சிரிக்க வேண்டாம், போலீஸ் ஸ்டேசன் போங்க, அது பென்சனுக்கு இல்ல உங்க பூமிக்கு வந்த வலை. பவர் எழுதி வாங்கி தோட்டத்தையே வித்த கதைக நம்மூர்ல பத்தாததுக்கு இது வேற.

மெடல் சங்கதி. நூறு வருசம் தாண்டுன பழம்பொருளை நாட்டை விட்டு வெளிய அனுப்ப 1972 சட்டப்படி நமக்கு உரிமையே கெடையாது, அதுக்கு மத்திய சர்க்கார் மனசு வைக்கோணும். "லண்டன் வெரிஃபிகேஷன்"ங்கறதுக்கு அர்த்தம், பழைய மெடல் சேக்கறவங்ககிட்ட வித்துட்டு உங்களுக்கு ஒரு ஜெராக்ஸைக் குடுக்கறதுதான்.

சரி, ஃபைல். எல்லாரும் பண்ற தப்பு, அந்தம்மா பேரை வச்சுத் தேடறது. அவங்க பேர்ல தனி ஃபைல்னு ஒண்ணு இருக்கறது ரொம்ப அபூர்வம், தேட வேண்டியது வீட்டுக்காரரை, அதுலயும் அவரு பேரை விட ரெஜிமெண்ட் நம்பரை, அதாவது அவரு இருந்த பட்டாளப் பிரிவோட நம்பரை. லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரில இந்தியா ஆபீஸ் ரெக்கார்டு, அதாவது வெள்ளைக்காரங்க இந்தியாவை ஆண்ட காலத்துக் காயிதங்க, இருக்கறது நெசம்தான். ஆனா அதுல தனித்தனி ஆளோட விவரம்னு கெடைக்கறது பெரும்பாலும் வெள்ளைக்கார சிப்பாயும் ஆபீசருங்களும். ஏஜெண்டுக "பாத்தீங்களா விதவைக லிஸ்ட்டு"ன்னு லார்ட் கிளைவ் ஃபண்டு பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக் காட்டுவாங்க. அது 1770ல ஈஸ்ட் இண்டியா கம்பெனியோட ஐரோப்பியப் பட்டாளத்துக்காக ஏற்படுத்துனது, நம்ம சிப்பாயிக சம்சாரத்துக்கு அதுல பங்கில்ல. உங்களுக்கு லண்டன்ல உபயோகப்படறது மெடல் ரோல், அதாவது மெடல் வாங்குனவங்க லிஸ்ட்டு மட்டும்தான், அதுக்கும் ரெஜிமெண்ட் நம்பர் தெரிஞ்சாத்தான் போகோணும்.

இப்ப ஒரு விசயத்தை சித்த நிதானமா சொல்றேன், இதுலதான் உங்க கேள்விக்குப் பாதி பதில் இருக்குது. சிப்பாய் செத்தா சம்சாரத்துக்குப் பென்சன்னு அன்னிக்கு எல்லாத்துக்கும் குடுக்கல. முழு சர்வீஸ் முடிச்சு, பென்சன்ல ஊருக்கு வந்து, திண்ணையில உக்காந்து செத்தாருன்னா அவரு பென்சன் அவரோட போச்சு, வீட்டம்மாவுக்கு ஒண்ணுமில்ல. சண்டையில செத்தாலோ, கடல் தாண்டி பட்டாளத்தோட போன எடத்துல காய்ச்சல் காலராவுல செத்தாலோதான் குடும்பப் பென்சன். மறுபடி வேற ஆளைக் கட்டிக்கிட்டா அதுவும் நின்னுரும். இதுல ஒரு குழப்பம் இருக்குது, கவனிங்க. கடல் தாண்டிப் போற சிப்பாயிக சம்பளத்துல ஒரு பங்கை ஊர்ல இருக்கற குடும்பத்துக்கு எழுதி வச்சுட்டுப் போற வழக்கமும் இருந்துது. மாசம் 7 ரூவா சம்பளம், அதுல ஒரு பங்கு இங்க வரும். அதையும் சனங்க "பட்டாளத்துப் பணம்", "பென்சன்"னுதான் சொன்னாங்க. ஆக வீட்டுல பென்சன்னு சொல்ற எல்லாமே பென்சன் இல்ல, புருசன் உசுரோட இருந்து அனுப்புன காசாவும் இருக்கலாம். ஆனா உங்க கதையில அந்தம்மா கெழவியாகி, பேத்தியக் கூட்டிட்டுப் போயி வாங்கியிருக்காங்க, அப்ப 1930 வாக்குல இருக்கும். அத்தனை வருசம் சம்பளப் பங்கு வராது. அதனால இது குடும்பப் பென்சனேதான், அவரு ஊர்ல சாகல, அந்தம்மாவும் வேற கட்டிக்கல. ஒரு ரூவா செலவில்லாம அப்பத்தா வாயில இருந்தே இவ்வளவு வந்துருச்சு பாருங்க.

எந்தப் பர்மா சண்டை? 1824-26, 1852-53, 1885-87ன்னு மூணு. 1930ல நடமாடுன அம்மான்னா மூணாவதுதான் பொருந்துது. மாண்டலேயப் புடிச்சு பர்மா ராசா திபாவைக் கப்பலேத்துனது 1885 நவம்பர்ல சில நாள் வேலை, பொறவு காட்டுக்குள்ள நடந்த சண்டையும் காய்ச்சலும்தான் வருசக்கணக்குல ஆளைத் தின்னுது.

மெடலை எடுத்துப் பாருங்க. ஒரு பக்கம் விக்டோரியா ராணி தலை, மறு பக்கம் றெக்கை வச்ச ஒரு பொம்பள உக்காந்திருக்கற வீரன் தலையில மாலை வைக்கற மாதிரி, மேல பட்டையில "பர்மா 1885-7"ன்னு இங்கிலீசுல இருந்தா நாம சொன்னது சரி. வெள்ளியா இருந்தா சிப்பாயி, வெண்கலமா இருந்தா டோலி தூக்கறவங்க, சமையல்காரங்க மாதிரி பட்டாளத்தோட போனவங்க, அப்ப தேடற எடமே மாறும். முக்கியமானது ஓரம், அதாவது காசுக்கு விளிம்பு இருக்கற மாதிரி அதோட விளிம்பு. அதுல பொடி எழுத்துல நம்பர், பேரு, ரெஜிமெண்ட் வெட்டியிருப்பாங்க. சீட்டுல இருக்கற 13 ரெஜிமெண்ட்டா, வரிசை நம்பரான்னு அந்த ஓரந்தான் சொல்லோணும். ரெஜிமெண்ட்டுதான்னா ஒண்ணு ஞாபகம் வைங்க: 1903ல இந்தியப் பட்டாளத்துக்கே தளபதியா இருந்த கிச்சனர் எல்லாத்துக்கும் நம்பர் மாத்துனப்ப மெட்ராஸ் பட்டாளத்துக்கு 60 கூட்டிட்டாங்க, 13ஆம் மெட்ராஸ் இன்பேன்ட்ரி 73ஆம் கர்நாடிக் இன்பேன்ட்ரி ஆயிருச்சு. அந்தம்மா 1903க்கு அப்புறமும் பென்சன் வாங்குனதால பிந்துன காயிதத்துல 73ன்னு இருக்கலாம், வேற ஆளுன்னு தள்ளிராதீங்க. மெட்ராஸ் ரெஜிமெண்ட் சென்டர் இருக்கற வெலிங்டன்ல கேட்டா கெடைக்கும்னு குன்னூர் ஏறவும் வேண்டாம், பழைய மெட்ராஸ் பட்டாளங்களை 1920கள்லயே ஒண்ணொண்ணா கலைச்சாச்சு, இப்ப இருக்கற ரெஜிமெண்ட் ரெண்டாம் உலகப்போர் சமயத்துல மறுபடி எடுத்துக் கட்டுனது.

அடுத்தது எழும்பூர், தமிழ்நாடு ஆவணக் காப்பகம், ஸ்டேசன் பக்கத்துலயே காந்தி இர்வின் ரோட்டுல. கேக்கறப்ப திருப்பூர் மாவட்டம்னு எழுதுனீங்கன்னா போச்சு, அது 2009ல வந்தது, அதுக்கு முன்னாடி 1979ல இருந்து பெரியார் மாவட்டம், அதுவே பின்னாடி ஈரோடு மாவட்டம்னு ஆச்சு, அதுக்கும் முன்னாடி கோயமுத்தூர். காங்கேயம் அன்னிக்கு தாராபுரம் தாலுகா. அதனால கோயமுத்தூர் ஜில்லா தாராபுரம் தாலுகான்னு எழுதுங்க. வருசவாரியா இண்டெக்ஸ் புஸ்தகம் இருக்கும், அதுல ஜி.ஓ. (சர்க்கார் உத்தரவு) நம்பரும் தேதியும் புடிச்சுட்டு அப்புறம் ஃபைலைக் கேளுங்க. நம்பர் இல்லாம கேட்டா எந்த ஆபீசா இருந்தாலும் "காணப்படவில்லை"ன்னு ஒத்தை வரியில தாட்டி விட்டுருவாங்க, நம்பர் தெரியோணும்னா ஃபைலைப் பாக்கோணும், ஃபைலைப் பாக்கோணும்னா நம்பர் வேணும். முப்பது வருசம் ரெக்கார்டு ரூம்ல குப்பை கொட்டுன என்னையே ஒரு ஆபீசுல இதே பதிலைச் சொல்லி மூணு தடவை திருப்பி அனுப்புனாங்க, நாலாவது தடவை இண்டெக்ஸை நானே பொரட்டிக்கறனுங்கன்னு உக்காந்தேன், அரைமணி நேரத்துல கெடைச்சுது. ஆர்.டி.ஐ. 10 ரூவா கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டிப் போடலாம், ஆனா நம்பர் இல்லாத ஆர்.டி.ஐ.க்கும் அதே ஒத்தை வரிதான்.

பேரு எழுத்தை நம்பாதீங்க. தொர காதுல விழுந்ததை எழுதுனது, சின்னச்சாமி சின்சாமி ஆவாரு, ஈரோடு எர்ரோடு ஆவும், இனிசியல் இருக்காது. சாதியும் உங்க சாதியா இருக்காது, பட்டாளக் கணக்குல "டமில்", "தெலிங்கா", "முசல்மான்"னு மொத்தமாத்தான் போடுவாங்க, அதைப் பாத்து நம்மாளு இல்லைன்னு ஒறம்பரைல ஒருத்தரு சண்டைக்கு வருவாரு, விடுங்க. அப்பா பேரு, ஊரு, ரெஜிமெண்ட் மூணும் ஒத்துதான்னு மட்டும் பாருங்க.

எழும்பூர் போறதுக்கு முன்னாடி உள்ளூர்லயே ஒரு சோலி இருக்குது. அந்தம்மா பேர்ல காடு கெரயம் எதாச்சும் நடந்துருந்தா சப்ரிஜிஸ்ட்ரார் ஆபீசுல நகல் போடுங்க. விதவை வித்தாலும் வாங்குனாலும் இன்னாரு சம்சாரம்னு புருசன் பேரைப் போட்டுத்தான் எழுதியிருப்பாங்க, அதிர்ஷ்டம் இருந்தா பட்டாளத்துப் பேச்சும் இருக்கும். தேதி தமிழ் வருசத்துல இருந்தா அவசரப்படாதீங்க, பார்த்திப வருசம்னா 1885-86, ஆனா அறுவது வருசம் கழிச்சு 1945லயும் பார்த்திபதான். ஒருத்தரு இப்படித்தான் அப்பாரோட பத்திரத்தைப் பூட்டனோடதுன்னு ரெண்டு வருசம் நம்பிட்டுத் திரிஞ்சாரு.

இன்னிக்கே பண்ண வேண்டியது ஒண்ணுதானுங்க அம்மணி. மெடலோட ஓரத்தை வெயில்ல சாய்ச்சுப் புடிச்சு, சுத்தி சுத்தி ஏழெட்டு போட்டோ எடுத்து அனுப்புங்க. எழுத்து மங்கலா இருக்குதுன்னு புளியையும் சாம்பலையும் போட்டுத் தேச்சு வச்சுராதீங்க, அந்த எழுத்துதான் அவரு பேரு.