கேட்டதும் பதிலும்: வசனம் கேட்கவில்லை, வெடி மட்டும் கேட்கிறது

கேள்வி: இரவில் ஓடிடியில் படம் பார்த்தால் வசனம் காதில் விழுவதில்லை. சத்தத்தைக் கூட்டினால், அடுத்த சண்டைக் காட்சியில் தூங்குகிற குழந்தை அலறி எழுந்துவிடுகிறது. டிவி கடையில் கேட்டால் 'டைனமிக் ரேஞ்ச்' என்கிறார்கள். அது என்ன? டிவியை மாற்ற வேண்டுமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: மாற்றவே வேண்டாம். ஒரு பதிவில் உள்ள மிக மெல்லிய சத்தத்துக்கும் மிகப் பெரிய சத்தத்துக்கும் உள்ள இடைவெளிதான் டைனமிக் ரேஞ்ச். சத்தத்தை அளக்கும் அலகான டெசிபலில் சொல்வோம். 16 பிட் சிடியில் சுமார் 96 டெசிபல் வரை கொள்ளும். இசைத்தட்டில் 70ஐத் தொட்டாலே பெரிய விஷயம்.

என்னைப் போன்ற ஒலிப்பதிவாளர்கள் படத்துக்கு மிக்ஸிங் செய்யும் (வசனம், இசை, வெடி எல்லாவற்றையும் அளவு பார்த்துக் கலக்கும்) அறையில் ஃபேன் சத்தம்கூட இருக்காது. அங்கே கிசுகிசுப்பும் தெளிவாகக் கேட்கும். தியேட்டரும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பி வசனத்தைத் தாழ்வாகவும் வெடியை உச்சத்திலும் வைக்கிறோம். உங்கள் ஹாலில் ஃபேன் ஓடுகிறது, தெருவில் பைக் போகிறது. மெல்லிய சத்தமெல்லாம் அதற்குள் அமுங்கிவிடுகிறது.

டிவி அல்லது சவுண்ட்பாரின் செட்டிங்கில் 'நைட் மோட்' இருக்கிறதா பாருங்கள். அது உச்சத்தை அமுக்கி, வசனத்தைத் தூக்கிக் கொடுக்கும். சவுண்ட்பார் இல்லையென்றால் ஓடிடியில் 5.1க்குப் (பல ஸ்பீக்கருக்கான ஒலி) பதில் ஸ்டீரியோவை (இரண்டு ஸ்பீக்கருக்கான ஒலி) தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

ஆனால் கச்சேரி கேட்கும்போது மறக்காமல் நைட் மோடை அணைத்துவிடுங்கள். பாடகர் மூச்சு விட நிறுத்தும் இடத்தில் தம்புரா திடீரென்று எழும்பி முன்னால் வரும். அவர் மறுபடி எடுத்ததும் பின்னால் போய்விடும். மெஷின் செய்யும் வேலை அது. வீணையில் ஒரு மீட்டு மெல்ல மெல்லக் கரைவதையும் அது விடாது, இழுத்து மேலே கொண்டுவரும். கரைவதில்தானே வீணையின் அழகே இருக்கிறது!

உங்கள் வீட்டில் அமுக்கியதை ஒரு பட்டனில் மீட்டுவிடலாம். பதிவிலேயே அமுக்கிவிட்டால் மீட்க வழியில்லை. 1990களில் தொடங்கி, மற்ற ஆல்பங்களைவிடத் தங்கள் ஆல்பம் சத்தமாக ஒலிக்க வேண்டும் என்ற போட்டியில் உச்சத்தை அமுக்கி மொத்தத்தையும் தூக்கியதில் எத்தனையோ நல்ல பதிவுகள் இப்படி நசுங்கின. 2008இல் அமெரிக்க ராக் இசைக்குழு மெட்டாலிகாவின் 'டெத் மேக்னெட்டிக்' வந்தபோது, மறுபடி மிக்ஸ் செய்து தாருங்கள் என்று ரசிகர்களே மனு போட்டார்கள். இப்போது ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் அதிகச் சத்தமான பாட்டைத் தாமே இறக்கி ஒலிக்கவிடுகின்றன. அதனால் அமுக்கிப் பதிவு செய்வதில் ஆதாயமும் போய்விட்டது. அப்படியும் 'இன்னும் கொஞ்சம் சத்தமா வேணும் சார்' என்று கேட்டு வருகிறார்கள். அவர்களுக்கு அமுக்கியதையும் அமுக்காததையும் ஒரே அளவில் வைத்து மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டுகிறேன்.