டெல்லிக்கு ஐம்பதாயிரம் போதுமா?

கேள்வி: எனக்கு 46 வயது. கணவர், 67 வயது மாமியார், 11 வயது மகன் என்று நான்கு பேர். அரையாண்டு விடுமுறையில் ரயிலில் டெல்லி போய், ஐந்து நாள் தங்கி, தாஜ்மகாலும் பார்க்க ஆசை. ரயிலுக்கு 15,000, அறைக்கு 12,000, சாப்பாட்டுக்கு 10,000, இதரச் செலவு 13,000 என்று ஐம்பதாயிரம் ஒதுக்கியிருக்கிறோம். போதுமா?
– ஒரு வாசகி, காஞ்சிபுரம்

பதில்: முதலில் மாற்ற வேண்டியது தொகையை அல்ல, மாதத்தை. டிசம்பர் கடைசியில் வட இந்தியாவில் மூடுபனி. ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும், சில நாள் ரத்தும் ஆகும். அப்படி ஒரு நாள் தள்ளிப்போனால் அறை, சாப்பாடு என்று நாலாயிரமாவது கூடுதலாகும். காலாண்டு விடுமுறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ரயில். சென்னை சென்ட்ரலில் இரவு பத்து மணிக்குப் புறப்படும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், நடுவில் ஒரு முழுப் பகலைக் கடந்து, அதற்கடுத்த நாள் காலையில் புது டெல்லி சேரும். மூன்றடுக்கு ஏசியில் ஆளுக்கு 2,200 என்று வைத்தால் நால்வருக்கும் போக வர 17,600. மகனுக்குப் பன்னிரண்டு வயது ஆகவில்லை என்றாலும், பெர்த் கேட்டால் முழுக் கட்டணம்தான். முதியோர் சலுகை 2020 மார்ச்சிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் லோயர் பெர்த் ஒதுக்கீடு இருக்கிறது: ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 வயது. நால்வரையும் ஒரே டிக்கெட்டில் சேர்த்தால் அந்த ஒதுக்கீட்டில் எடுக்க முடியாது. அதனால் நீங்களும் மாமியாரும் மட்டும் ஒரு டிக்கெட், கணவரும் மகனும் இன்னொரு டிக்கெட். முன்பதிவு 60 நாளுக்கு முன், காலை 8 மணிக்குத் திறக்கும். திறந்த அன்றே ஆன்லைனில் எடுக்க, ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் சரிபார்ப்பு முடிந்திருக்க வேண்டும். அதை முதல் நாள் இரவு உட்கார்ந்து செய்யாதீர்கள்.

அறை. கரோல் பாக் பக்கம், மெட்ரோ நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில், நால்வர் தங்கும் அறைக்கு 3,000 வையுங்கள். நான்கு இரவு, 5% ஜிஎஸ்டி சேர்த்து 12,600. பலர் கோட்டை விடுவது முதல் நாள் காலையில். நீங்கள் ஏழு மணிக்குப் போய் நிற்பீர்கள், அறையோ பன்னிரண்டுக்குத்தான் கிடைக்கும். முன்னதாகத் திறந்துவிட அரை நாள் வாடகை கேட்பார்கள். 24 மணி நேர செக்-அவுட் உள்ள இடமா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். கிளம்பும் நாளில் மாலை வரை பெட்டிகளை ரிசப்ஷனில் வைத்துக்கொள்வார்களா என்பதையும்.

கிழமை. உங்கள் கணக்கு வகை வகையாக இருக்கிறது; நாள் நாளாக எழுதிப் பாருங்கள், ‘இதர’ என்னவென்று தெரிந்துவிடும். செங்கோட்டை, அக்ஷர்தாம், தாமரைக் கோயில் மூன்றுக்கும் திங்கள் விடுமுறை. தாஜ்மகாலுக்கு வெள்ளி. பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் நாலு பேர் போக்குவரத்தும் வீண். வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு காலை இறங்குங்கள். ஞாயிறு இந்தியா கேட்டும் தேசியப் போர் நினைவகமும், அனுமதி இலவசம், அன்று மெட்ரோ கட்டணமும் குறைவு. திங்கள் ஆக்ரா. செவ்வாய் செங்கோட்டையும் சாந்தினி சௌக்கும். புதன் குதுப்மினார், ஹுமாயூன் கல்லறை. வியாழன் அக்ஷர்தாம் பார்த்துவிட்டு இரவு ரயில். அக்ஷர்தாமுக்குள் கைப்பேசி கொண்டுபோக முடியாது.

உள்ளூர்ப் பயணம். டெல்லி ஆட்டோவில் மூன்று பேருக்குத்தான் அனுமதி. நீங்கள் நால்வர், எங்கே போனாலும் இரண்டு ஆட்டோ. மீட்டர்படி முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 30, பிறகு கிலோமீட்டருக்கு 11. பத்து கிலோமீட்டருக்கு இரண்டு ஆட்டோவும் சேர்ந்து சுமார் 250, அதுவும் மீட்டர் போட்டால். மெட்ரோவில் அதே தூரம் ஆளுக்கு 32, நால்வருக்கு 128. மெட்ரோவில் மகனுக்கும் முழுக் கட்டணம், 90 செ.மீ. உயரத்துக்குக் கீழ் உள்ள குழந்தைக்குத்தான் இலவசம். ஒரே கார்டைத் தட்டி நாலு பேரும் போக முடியாது. நாளுக்கு நாலு பயணம், நிலையத்திலிருந்து ஈ-ரிக்‌ஷா எல்லாம் சேர்த்து 700 வையுங்கள். ஐந்து நாளுக்கு 3,500.

ஆக்ராவுக்குக் காலையில் போய் இரவு திரும்பும் தாஜ் எக்ஸ்பிரஸில் இரண்டாம் வகுப்பு இருக்கை ஆளுக்கு 150-க்குள் முடியும். கதிமான் எக்ஸ்பிரஸ் வேகம்தான், ஆனால் கட்டணம் அதைப்போலப் பல மடங்கு. நாலு பேருக்கு அது வேண்டாம். தாஜ்மகால் நுழைவு 50, கல்லறை மண்டபத்துக்குள் போக 200. பெரியவர்கள் மூவருக்கு 750. பதினைந்து வயதுக்குட்பட்ட மகனுக்கு இலவசம். உள்ளே மூன்று மணி நேரம்தான். ‘சும்மா பாருங்கள்’ என்று ஆட்டோக்காரர் பளிங்குக் கடைக்குக் கூட்டிப்போவார். அந்த நேரத்தையும் பணத்தையும் மிச்சம் பிடியுங்கள். ஆக்ரா நாளுக்கு 3,000.

மற்ற நுழைவுச் சீட்டுகளுக்கு 1,000 தாராளம். சாப்பாட்டுக்கு டெல்லியில் நாளுக்கு 1,800 வீதம் 9,000, ரயிலில் போக வர 2,500. காஞ்சிபுரத்திலிருந்து சென்ட்ரலுக்குப் போக வர 1,500. இதை யாருமே எழுதுவதில்லை.

கூட்டினால் 50,700. அவசரக் கையிருப்பும் கடைச் செலவும் இதில் இல்லை. அதற்கென்று ஐயாயிரம் கூடுதலாகத் திரட்ட முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் திரும்பும்போது மட்டும் ஸ்லீப்பரில் வாருங்கள். ஆளுக்கு 900 என்று வைத்தாலும் 5,200 மிச்சமாகும். அக்டோபர் தொடக்கத்தில் ஜன்னலைத் திறந்துவைத்து வரலாம், மாமியாருக்கு லோயர் பெர்த்தும் உண்டு. அறையில் மட்டும் கை வைக்காதீர்கள். மெட்ரோவிலிருந்து தள்ளி 500 ரூபாய் குறைவாகக் கிடைக்கும் அறை, தினமும் காலையும் மாலையும் இரண்டு ஆட்டோ கேட்கும்.